தட்டலாம், தாங்கலாகாது

1892-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியின் இதழொன்றில் பதின்மூன்று விதிகள் அச்சாயின. எழுதியவர் அப்பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அதே 1892-இல், காவிரிக் கரையிலிருந்த கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரைகளுடன் பதிப்பித்து வெளியிட்டார். முன்னதில் கூடைப்பந்தாட்டம் எழுத்தில் பிறந்தது. பின்னதின் வாழ்த்துக் காதையிலோ, பல நூற்றாண்டுகள் ஏட்டில் உறங்கிய கந்துக வரி அச்சில் எழுந்தது. சோழனை அம்மானையாலும் சேரனை ஊசலாலும் வாழ்த்தும் மகளிர், பாண்டியனை வாழ்த்துவதற்குப் பந்தைக் கையிலெடுக்கும் பாட்டு அது.

இவ்விரண்டுக்கும் இடையே தொடர்பு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவன் தமிழனே என்று நிறுவும் நோக்கம் நமக்கு அறவே கிடையாது; அத்தகைய நிறுவல்களால் தமிழுக்கு எந்நன்மையும் விளைந்ததாகவும் தெரியவில்லை. ஆயினும் இரு பிரதிகளும் ஒரே வினாவைச் சுற்றி வருகின்றன. பந்து கையில் எவ்வளவு நேரம் இருக்கலாம்? கையும் காலும் ஒருசேர இயங்கும்போது பந்து யாருடையது? ஸ்பிரிங்ஃபீல்டில் இவ்வினா சட்டமாயிற்று. தமிழில் அது பாட்டாகவும் ஆட்டமாகவும் ஓர் ஊரின் பெயராகவும் நின்றது.

சட்டத்திலிருந்து தொடங்குவோம்.

நெய்ஸ்மித்துக்கு வேண்டியிருந்தது குளிர்காலத்தில் கூரையின் கீழ் ஆடத்தக்க, ஆளை ஆள் முட்டிச் சாய்க்காத ஓர் ஆட்டம். பந்தை அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடினால் அவனைப் பிடித்துத் தள்ளியே ஆகவேண்டும். ஆகவே ஓட்டத்தையே தடுத்துவிட்டால் தள்ளுவதற்குத் தேவை எழாது என்று அவர் எண்ணினார். அவருடைய மூன்றாம் விதி அதைத்தான் சொல்கிறது: பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும், வேகமாக ஓடிவரும்போது பிடித்தவனுக்கு, நிற்க முயல்வானாயின், சற்றுச் சலுகை உண்டு. பந்தைக் கைகளால் மட்டுமே பற்றலாம், மார்போடும் முழங்கையோடும் அணைக்கலாகாது என்பது நான்காம் விதி. உள்ளங்கையால் அடிக்கலாம், முட்டியால் குத்தலாகாது என்பது இரண்டாம் விதியில் வருகிறது. பதின்மூன்று விதிகளிலும் தேடிப் பார்த்தாலும் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு முன்னேறுவது பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இன்று கூடைப்பந்து என்றதும் நம் கண்முன் வரும் அந்தத் 'தட்டு', கூடைப்பந்தைப் படைத்தவரின் எண்ணத்தில் இருக்கவில்லை.

பின் அது எங்கிருந்து வந்தது? மூலையில் அகப்பட்டுக்கொண்டவனிடமிருந்து வந்தது. எதிரணியினர் சூழ்ந்து நிற்க, தன் அணியினர் ஒருவரும் கைக்கு எட்டாதிருக்க, ஓடவும் விதி இடந்தராத நிலையில் ஒருவன் என்ன செய்வான்? பந்தை வேண்டுமென்றே கைநழுவ விட்டான். உருட்டி விட்டு ஓடிப்போய் எடுத்தான். தலைக்கு மேலே சிறிது தூக்கிப்போட்டுப் பிடித்தான். தரையில் ஒருமுறை மோதவிட்டு மீண்டும் பற்றினான். பந்து கையைவிட்டு நீங்கிய கணத்தில் அது அவனுடையதன்று, எனவே அவன் ஓடியது பந்தோடு ஓடியதாகாது. வழக்குரைஞர்கள் மெச்சத்தக்க வாதம். நடுவருக்கு மறுப்பதற்கு விதியில் இடமில்லை. நெய்ஸ்மித்தே பிற்காலத்தில் இந்தத் தந்திரத்தை ஆட்டத்தின் அழகுகளுள் ஒன்றாகக் கருதினார்.

அக்காலத்துப் பந்து தோலால் ஆனது. காற்றுப்பையை உள்ளே வைத்து வாரால் இழுத்துக் கட்டிய தையல் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பின்மேல் விழுந்தால் பந்து எத்திசையில் எழும் என்று யாராலும் சொல்ல இயலாது. எனவே தட்டிச் செல்லுதல் அப்போது கடைசி வழியாகவே இருந்தது; பிற்காலத்தில்தான் அது கலையாயிற்று.

தந்திரத்துக்குச் சட்டம் வேலி கட்டத் தொடங்கியது. இரு கைகளாலும் தட்டிக்கொண்டே போவது 1898-இல் கட்டுப்படுத்தப்பட்டது. 1901-இல் இன்னும் கடுமை: தட்டிச் சென்றவன் தானே கூடைக்குள் எறியக்கூடாது, வேறொருவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். 1908-இல் அமெரிக்கக் கல்லூரி விதிகள் இத்தடையை நீக்கின. தட்டுதல் என்பது பந்தின் இடையறாத செலவு என்று அப்போது வகுத்தார்கள். அறுந்ததை மீண்டும் தொடுப்பது குற்றமாயிற்று. 'இடையறாத' என்னும் அச்சொல்லில்தான் இன்றைய விதிகள் யாவும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

ஆடிப் பழகாத வாசகர்களுக்காக அவ்விதிகளைச் சுருங்கக் கூறுவோம். பந்தைத் தன் வசமாக்கிய ஆட்டக்காரர் அதைத் தரையில் எறிந்தோ தட்டியோ உருட்டியோ, வேறொருவர் தொடுமுன் தானே மீண்டும் தொட்டால், தட்டுதல் தொடங்கிவிட்டது. இரு கைகளும் ஒரே நேரத்தில் பந்தில் பட்டாலோ, ஒரு கையிலேனும் பந்து தங்கிவிட்டாலோ அது முடிந்தது. முடிந்தபின் மறுபடி தட்டினால் 'டபுள் டிரிபிள்'. தட்டாமலே அடி வைத்தால் 'டிராவல்'. தட்டும்போதே பந்தின் அடியில் கை கொடுத்து ஒரு கணம் தாங்கி நிறுத்திப் பின் விட்டால் அதற்குக் 'கேரி' என்று பெயர். தாங்கிய கணத்திலேயே தட்டுதல் முடிந்துவிட்டதால், அடுத்த தட்டு இரண்டாம் தட்டாகிறது. பந்து கையில் படாதிருக்கும் இடைவெளியில் எத்தனை அடி வேண்டுமானாலும் வைக்கலாம், அதற்குக் கணக்கே இல்லை. தண்டனை மூன்றுக்கும் ஒன்றே: பந்து எதிரணிக்குப் போகும். பந்தோடு ஓடியதை நெய்ஸ்மித் 'ஃபவுல்' என்றே எழுதிவைத்திருந்தார். அடித்தலும் தள்ளுதலும் ஒருவகை, பந்தைக் கையாள்வதில் நேரும் பிசகு வேறுவகை என்ற பாகுபாடு பிற்பாடு உண்டானது.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கச் சடுகுடுவே போதும். பாடிக்கொண்டு எதிர்க்களத்தில் புகுந்தவனுக்கு மூச்சு இருக்கும்வரைதான் அங்கே உரிமை. இடையில் மூச்சை இழுத்துவிட்டுப் புதிதாகப் பாடத் தொடங்கினால் ஒப்புவார்களா? கூடைப்பந்தில் பந்தின் தட்டுதான் அந்தப் பாட்டு. எத்தனை தூரமும் போகலாம், விட்டுத் தொடரக்கூடாது.

இதில் நமக்கு மிகவும் பிடித்தது கைதவறலுக்குத் தரப்பட்டிருக்கும் மன்னிப்பு. பந்து தானே நழுவி, அதைத் துரத்திப் போய் எடுத்தால் அது தட்டுதலாகாது. ஆக, நடுவர் கையை மட்டும் பார்த்தால் போதாது, கருத்தையும் ஊகிக்க வேண்டும். நழுவியதா, நழுவவிட்டாரா? முதன்முதலில் மூலையில் அகப்பட்டவன் செய்த தந்திரம் நூற்றாண்டு கடந்தும் விதிநூலுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

1892-ஐப் பற்றிச் சொன்னோம். உ. வே. சா. கும்பகோணத்தில் பணியாற்றிய 1880 முதல் 1903 வரையிலான காலத்தை நினைத்தால், அவர் பதிப்பித்த நூல்களிலெல்லாம் பந்து குறுக்கிட்டுக்கொண்டே இருப்பதைக் காணலாம். 1887-இல் சீவக சிந்தாமணி. அதில் விமலை ஆடும் பந்து தெருவுக்கு ஓடிவர, அவ்வழியே வரும் சீவகன் அதைக் கண்டு நிற்க, அந்த நழுவலிலேயே ஓர் இலம்பகம் பிறக்கிறது. 1889-இல் பத்துப்பாட்டு. அதிலுள்ள பெரும்பாணாற்றுப்படையில் துறைமுகப்பட்டினத்து மகளிர் வானளாவிய மாடத்தின்மேல் வரிந்த பந்தாடி ஓய்ந்தபின் மணலில் இறங்கிக் கழங்காடுகிறார்கள். தலைவனோடு போய்விட்ட மகளை எண்ணித் தாய் புலம்பும் சங்கப் பாடல்களில், வீட்டில் கிடக்கும் பந்தும் பாவையும் கழங்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆடியவள் சென்றுவிட்டாள், பந்து மட்டும் இருக்கிறது. அதைக் காண்பதே தாய்க்குத் தாங்க முடியாததாகிறது.

இவையெல்லாம் பந்தைக் காட்டுகின்றனவே ஒழிய, பந்தாடும் முறையைச் சொல்வதில்லை. அதற்குப் பெருங்கதைக்குத்தான் போக வேண்டும். முதலும் முடிவும் கிடைக்காத அக்காப்பியத்தை ஐயர் 1924-இல் அச்சிட்டார். அதில் உதயணனின் தேவியர் இருவருடைய தோழியரிடையே பந்தடிப் போட்டி நிகழ்கிறது. உதயணன் மறைந்திருந்து காண்கிறான். ஒருத்தி அடித்து நிறுத்தியதை அடுத்தவள் விஞ்ச வேண்டும். எண்ணிக்கை ஆயிரங்களில் ஏறிக்கொண்டே போகிறது. பந்து முன்னே விழுகிறது, பின்னே எழுகிறது, குழலருகே போகிறது, சிலம்பருகே தாழ்கிறது, ஆடுபவள் சுழல்கிறாள். இறுதியில் வரும் மானனீகை பல பந்துகளை ஒருங்கே ஆடி அனைவரையும் வெல்கிறாள். நம் கவனத்துக்குரியது அங்கே எண்ணிக்கைக்கு வழங்கும் சொல். ஒவ்வோர் அடியும் ஒரு 'கை'. ஆயிரம் அடித்தால் ஆயிரங்கை. பந்து கையில் பட்டு நீங்கும் அந்தக் கணமே அளவை. கையில் தங்கிவிட்டால் அவளுடைய முறை முடிந்தது. 1908-இல் அமெரிக்கர் கல்லூரிக் குழுக்களில் அமர்ந்து கண்டடைந்த 'இடையறாமை' இங்கே எண்ணிக்கை வடிவில் இருக்கிறது.

பெருங்கதை தன் பந்தை எதனால் செய்தார்கள் என்பதையும் விடாமல் சொல்லும். நெட்டி, பஞ்சு, மயிர், நூல் ஆகியவற்றைத் திரட்டிச் சுற்றிக் கட்டிய பந்து அது. ரப்பரும் காற்றும் இல்லாத அப்பந்து தரையில் மோதி எவ்வளவு எழும்பியிருக்கும்? ஆகவே உள்ளங்கை குவிந்தும் விரிந்தும் மேலும் கீழும் பந்துக்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புடையவராகச் சொல்லப்படும் தண்டியும் தம் தசகுமார சரிதத்தில் இளவரசி ஒருத்தியின் பந்தாட்ட விழாவை வருணிக்கிறார். விளம்பம், மத்திமம், துரிதம் என்று தாள நடைக்கேற்ப அவள் அடிப்பதையும், கட்டைவிரலை மடக்கி மற்ற விரல்களை நீட்டி அடிக்கும் கைநிலையையும், அவ்வாட்டத்துக்கே உரிய கலைச்சொற்களோடு அவர் எழுதியிருப்பது வியப்பளிப்பது. பந்துக் கையாடலுக்குச் சொல்வளம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தமிழிலும் வடமொழியிலும் இப்பந்தை ஆடுபவர் பெண்களே என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். இனி நாம் சொல்லப்போவது அதைப் பற்றியது.

1892-இலேயே, ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகிலுள்ள ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்னும் ஆசிரியை கூடைப்பந்தைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். பெண்களின் உடல் தாங்காது, நாணம் கெடும் என்ற கூக்குரல் நிறைந்த காலம். ஆட்டத்தைக் காப்பாற்ற அவர் விதிகளை மாற்றினார். களம் மூன்று பகுதிகளாகக் கோடிடப்பட்டது. தன் பகுதியைவிட்டு எவளும் வெளியேறக்கூடாது. பிறர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது. பந்தை மூன்று நொடிக்குமேல் வைத்திருக்கக்கூடாது. மூன்று முறைக்குமேல் தட்டக்கூடாது. பெரென்சனை நாம் குறைசொல்லத் துணியோம்; அவ்விதிகள் இல்லையேல் கல்லூரி அதிகாரிகள் பந்தையே பிடுங்கியிருப்பார்கள். ஆனால் அவசரத்துக்கு எழுப்பிய வேலி அவர் காலத்துக்குப் பின்னும் நின்றது. மூன்று தட்டு பின்னர் ஒன்றாகக் குறைந்தது, சில காலம் ஒன்றுமில்லாமலும் போயிற்று, பிறகு மெல்லக் கூடியது. அமெரிக்கப் பெண்கள் ஆட்டத்தில் வரம்பில்லாமல் தட்டிச் செல்லும் உரிமை 1966-இல்தான் வந்தது. எழுபதாண்டுகளுக்கு மேலாகத் தட்டுகளை எண்ணி நிறுத்தியிருக்கிறார்கள். மானனீகை ஆயிரங்களில் எண்ணியதை அருகில் வைத்துப் பாருங்கள். ஒரே எண்ணல்தான், அங்கே திறத்தின் அளவு, இங்கே பொறுத்துக்கொள்ளலின் அளவு.

இதனால் பண்டைத் தமிழ்ப் பெண் கட்டற்றவளாய் ஆடினாள் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. அவள் ஆடியதெல்லாம் ஆணின் கண்ணெதிரே, அல்லது மறைந்திருந்து பார்க்கும் கண்ணெதிரே. உதயணன் பார்க்கிறான், சீவகன் பார்க்கிறான். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடித்துக்கொண்டிருக்கையில்தான் இறைவனின் உலா வருகிறது. ஆட்டம் அத்தோடு நின்று காதல் நோய் தொடங்குகிறது. பந்தைக் காதலுக்கு முன்னுரையாகவே புலவர்கள் கையாண்டார்கள். எந்தப் பெண்ணும் பந்தாட்டத்தை ஆடி முடித்ததாகப் பாட்டு இல்லை என்று சொல்லிவிடலாம் போலிருக்கும், பெருங்கதையின் போட்டி மட்டும் இல்லாதிருந்தால். அந்தக் காரணத்துக்காகவே அப்பகுதியை நாம் உயர்வாக மதிக்கிறோம்.

ஆண்கள் ஆட்டத்திலும் தட்டுக்கு ஆபத்து வராமலில்லை. 1927-இல் அமெரிக்க விதிக்குழு, விஸ்கான்சின் பயிற்றுநர் வால்டர் மீன்வெல்லின் முன்மொழிவை ஏற்று, ஒரு முறைக்குமேல் தட்டக்கூடாது என்று முடிவெடுத்தது. கைமாற்றி ஆடுவதே கூடைப்பந்தின் உயிர், தட்டிச் செல்பவன் தன்னலக்காரன் என்பது அத்தரப்பு. கன்சாஸ் பயிற்றுநர் ஃபாக் ஆலன் முதலானோர் கொதித்தெழுந்தனர். எதிர்ப்பைத் திரட்டவே பயிற்றுநர் சங்கமொன்று அந்த ஆண்டில் உருவாயிற்று. முடிவு திரும்பப் பெறப்பட்டது. பெண்களின் மூன்று தட்டுக்காக அப்படியொரு சங்கம் உடனே எழவில்லை என்பதையும் இவ்விடத்தில் குறித்துக்கொள்ளலாம்.

இவ்வாட்டம் நம் நாட்டுக்கு வந்த வழியும் ஸ்பிரிங்ஃபீல்டு வழியே. முதல் ஆட்டத்தில் ஓரணிக்குத் தலைமை தாங்கிய டங்கன் பாட்டன் 1894-இல் இந்தியாவுக்கு அதைக் கொணர்ந்ததாகக் கூடைப்பந்து வரலாறுகள் கூறும். தமிழகத்தில் வேர்விட்டது ஹாரி குரோ பக் காலத்தில். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற அவர் 1920-இல் சென்னையில் கிறித்தவ இளைஞர் சங்க உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் தொகுத்த விளையாட்டு விதிகள் நூல் உடற்கல்வி ஆசிரியர்களின் கைநூலாக விளங்கியது. அங்கே பயின்றவர்கள் விசிலும் விதியுமாக மாவட்டப் பள்ளிகளுக்குச் சென்றனர்.

காவிரிப் படுகையில் அந்த விதிக்கு எதிராக நின்றது வண்டல் மண். தட்டுதல் பற்றிய விதி முழுவதும் ஓர் அனுமானத்தில் நிற்கிறது: தரை பந்தைத் திருப்பித் தரும். நம் ஊர் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி அடைமழையில் சேறாகிப் பந்தை விழுங்கும். நாற்றங்காலுக்கு நல்லதாய் இருப்பது பந்துக்கு நல்லதன்று. மண்களத்தில் ஆடிப் பழகுபவர் தட்டலைக் குறைத்துக் கைமாற்றலைக் கூட்டுவது இயல்பே. மீன்வெல் கேட்ட விதியை மழை தானாகவே அமல்படுத்திவிடுகிறது. இது நம் வட்டாரத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்க ஆட்டமானபோது இறுதிப் போட்டி திறந்தவெளி மண்களத்தில், கொட்டும் மழையில் நடந்தது. பந்து எழும்பவில்லை. தட்டிச் செல்லவே முடியாத அந்த ஆட்டத்தில் அமெரிக்கா கனடாவை 19-8 என்று வென்றது. நெய்ஸ்மித் அவ்வொலிம்பிக்கிற்கு வந்திருந்தார். தாம் முதலில் எழுதிய, தட்டு இல்லாத கூடைப்பந்தை அன்று அவர் ஏறக்குறைய மறுபடியும் கண்டிருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது.

தஞ்சையில் பந்தாட்டம் மேடையேறியதும் உண்டு. இரண்டாம் சரபோசி மன்னர்மீது கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டுவந்தது. குறவஞ்சி மரபுப்படி அதன் தலைவியும் பந்தாடுவாள். நாட்டியத்தில் பந்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. கையும் கண்ணும் அது இருக்குமிடத்தைச் சொல்லும். இல்லாத பந்தை அடிக்கும் அக்கைகளைப் பார்த்தால் கூடைப்பந்து நடுவரின் சைகைகள் நினைவுக்கு வராமற் போகா. இரு முட்டிகளை ஒன்றையொன்று சுற்றினால் டிராவல், இரு உள்ளங்கைகளையும் மாறிமாறித் தாழ்த்தினால் டபுள் டிரிபிள், ஒரு கையை அரைவட்டமாகப் புரட்டினால் கேரி. நிகழ்ந்த பிசகை, பந்து இல்லாமலே மறுபடி ஆடிக்காட்டுகிறார் நடுவர். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தபின் கோயிலில் அவ்வாட்டத்தை ஆடியவர்களின் மரபு முடிவுற்றது. அச்சட்டத்தின் நியாயத்தைப் பற்றி இங்கே பேச இடமில்லை.

அந்த ஆடல் மரபின் பெரும் ஆசான்களுள் ஒருவரான மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் பந்தநல்லூர். கும்பகோணத்துக்கு வடகிழக்கே, திருப்பனந்தாளுக்குக் கிழக்கே இருப்பது. காவிரி வடகரைத் தலம். சம்பந்தரும் அப்பரும் பாடியிருக்கின்றனர். பழம்பெயர் பந்தணைநல்லூர். பந்து அணைந்த ஊர் என்பது தலபுராணம் தரும் பொருள்.

உமையம்மை ஆட விரும்பினாளாம். இறைவன் நான்மறைகளையே பந்தாக்கிக் கொடுத்தான். அம்மை ஆடத் தொடங்கினாள், நிறுத்தவில்லை. ஆட்டம் முடியாமல் மறைவது முறையன்று என்று கதிரவன் மேற்கே இறங்காது நின்றான். மாலை வரவில்லை, முனிவரின் மாலைக் கடன்கள் நின்றன, முறையீடு எழுந்தது. இறைவனே நேரில் வந்தான். வந்ததைக்கூட அவள் அறியவில்லை, அவ்வளவு கவனம் பந்தில். சினந்த இறைவன் அப்பந்தைக் காலால் எற்றினான். அது வந்து விழுந்து தங்கிய இடம் இது. அவளைப் பசுவாகும்படி சபித்ததும் உண்டு.

விதிநூலின்படி பார்த்தால் இதில் பிசகியவர் யார்? அம்மை தட்டுவதை விடவில்லை, பந்தைத் தாங்கவுமில்லை. இடையறாத செலவு, குற்றம் காண வழியில்லை. தட்டுவதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை என்பதே இன்றைய சட்டம். பந்தை வேண்டுமென்றே காலால் உதைப்பதுதான் கூடைப்பந்தில் பிசகு. தற்செயலாகக் கால் பட்டால் குற்றமில்லை, இங்கே தற்செயல் என்று வாதிடவும் இயலாது. பக்தர்கள் நம்மேல் சினங்கொள்ள வேண்டாம். சாபத்தைக் கேட்ட அம்மையின் தரப்பையும் யாரேனும் ஒருமுறை எடுத்துப் பேசலாமே என்ற ஆசைதான். பொழுது சாய்ந்தும் களத்தைவிட்டு வராத பெண் என்ற அவளுடைய குற்றம் இன்றும் எந்த ஊரிலும் புரியக்கூடியது. பையன்கள் விளக்கு வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருக்கையில், பெண்பிள்ளைகளை அழைத்துப்போக வீட்டார் மைதானத்து வாயிலில் வந்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சென்னையில் பிறந்து, இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை போன்றவர்களை நினைக்கும்போது, அந்த வாயிலைத் தாண்டி எத்தனை மாலைகள் அவர்கள் களத்திலேயே தங்கியிருக்க வேண்டும் என்ற எண்ணம் வருகிறது.

பசுவான அம்மை இவ்வூர்க் காட்டில் புற்றொன்றின்மேல் நாள்தோறும் பால் சொரிந்தாள், அவள் குளம்பு பட்டுப் புற்றிலிருந்த இலிங்கம் வெளிப்பட்டது, சாபம் நீங்கியது. இறைவனுக்கு இங்கே பசுபதீசுவரர் என்று பெயர். அந்தக் குளம்பின் தழும்பு இலிங்கத்தின்மேல் இன்றும் இருப்பதாகச் சொல்கிறார்கள்.